உறுதியாக ஒட்டவும் வேண்டும், வேண்டும்போது பிரியவும் வேண்டும்: நம் கன்னியாகுமரி மாவட்டத்து வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் எந்தப் பசை பொருந்தும்?

தக்கலை_கைபேசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தக்கலையில் கைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறேன். என் மேசைக்கு வரும் கைபேசிகளில் பெரும்பாலானவற்றில் கெட்டிருப்பது ஒரே ஓர் உறுப்புதான்: பேட்டரி, சார்ஜிங் பின், அல்லது காம்போ என்று நாங்கள் சொல்லும் டிஸ்பிளேத் தொகுதி. புதிய உறுப்பைப் பொருத்துவது எளிது. பழையதைப் பசையிலிருந்து விடுவிக்கும் வேலையில்தான் நேரமும் ஆபத்தும் இருக்கின்றன.

பின்பக்கக் கண்ணாடியைக் கழற்ற ஹீட் பிளேட்டில் ஏறத்தாழ 80 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்ற வேண்டியிருக்கிறது. அந்தக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் லித்தியம் பேட்டரியோ 60 டிகிரியைத் தாண்டக் கூடாத பொருள். பேட்டரியைப் பிளேடு செருகி நெம்பும்போது அது வளைந்தால், உள்ளே இருக்கும் நேர்முனைத் தகடும் எதிர்முனைத் தகடும் தொட்டுக்கொண்டு தீப்பிடிக்கக் கூடும். ஓரங்களில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சொட்டுவிட்டு, பசை இளகும்வரை பொறுத்திருந்து, நெம்பாமல் வழுக்கி எடுப்பதுதான் இப்போதைக்குப் பாதுகாப்பான வழி. எல்லாக் கைபேசியிலும் அது பலிப்பதில்லை. பேட்டரி ஒன்றுக்காக, நன்றாக இருக்கும் ஒரு கைபேசியை மக்கள் கைவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆகவே என் கேள்வி இது. பயன்பாட்டில் இருக்கும்வரை சற்றும் தளராமல் பிடித்திருந்து, நாம் வேண்டும்போது மட்டும் விட்டுக்கொடுக்கும் பசையை உருவாக்க முடியுமா? முடியும் என்றால் எந்தெந்த வழிகளில்? அவற்றுள் நம் ஊர்த் தட்பவெப்பத்தில் எவை நிற்கும்? படகு, காற்றாலை, மரவேலை, பழைய பொருள் வியாபாரம் ஆகியவற்றில் இருப்பவர்களும் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தச் சிக்கல் கைபேசிக்கு மட்டும் உரியதாக எனக்குத் தோன்றவில்லை.

---

நாகர்கோவில்_வேதியியல் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் விடை தெளிவாகும். ஒரு பசை எவ்வளவு சுமை தாங்கும் என்பது ஓர் அளவு. அதைப் பிரிப்பது எவ்வளவு கடினம் என்பது வேறோர் அளவு. இரண்டும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்கும் என்று நினைத்துக்கொள்வதால்தான் "உறுதியான பசை என்றால் பிரியாத பசை" என்ற எண்ணம் நிலைத்துவிட்டது.

இரண்டு பாகங்களைக் கலந்தால் இறுகும் நல்ல எபாக்சிப் பசை ஒன்று, ஒட்டிய பரப்புகளை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கவைக்க இழுக்கும்போது, 20 முதல் 30 மெகாபாஸ்கல் வரை தாங்கும். 20 மெகாபாஸ்கல் என்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோகிராம் எடைக்குச் சமம். அதே பசையை ஓரத்திலிருந்து உரித்தால் மிகக் குறைந்த விசையிலேயே அது விட்டுவிடக் கூடும், ஏனென்றால் முழுப் பரப்பும் பங்கிட்டுக்கொண்டிருந்த சுமை அப்போது ஒரு கோட்டின்மீது குவிகிறது.

எபாக்சி ஏன் உருகுவதில்லை என்றால், இறுகும்போது அதன் மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்குப் பிணைப்புகளால் கோக்கப்பட்டு ஒரே வலையாகிவிடுகின்றன. சூடேற்றினால் அந்த வலை சற்றுத் தளரும். மேலும் சூடேற்றினால் கருகுமே தவிர உருகாது. பிரிக்கக்கூடிய பசையை வடிவமைப்பவர்கள் அந்த வலையிலோ, பசையும் பொருளும் தொடும் எல்லையிலோ, குறிப்பிட்ட ஒரு தூண்டுதலுக்கு மட்டும் முறியும் இடங்களை முன்கூட்டியே வைக்கிறார்கள். வெப்பம், புற ஊதா ஒளி, மின்சாரம், அமிலம், காரம், நீர், இழுவிசை என எதுவும் அந்தத் தூண்டுதலாக இருக்கலாம். எதைத் தேர்ந்தாலும் ஒரு நிபந்தனை தவறக் கூடாது: அந்தப் பொருள் தன் வாழ்நாளில் இயல்பாகச் சந்திக்காத ஒன்றாக அது இருக்க வேண்டும். குளிர்நாட்டு ஆய்வகம் ஒன்றில் சரியாக அமைந்த தூண்டுதல் குளச்சல் கடற்கரையில் தவறாகிவிடலாம். இந்த இழையில் நாம் ஆராய வேண்டியது அதைத்தான் என்று நினைக்கிறேன்.

முன்மாதிரி ஒன்று சொல்கிறேன். சிலிக்கான் சில்லுகளை வெட்டும் ஆலைகளில், வட்டத் தகட்டை ஓர் ஒட்டுப்படலத்தின்மீது ஒட்டி வெட்டுகிறார்கள். வெட்டும்போது சில்லு இம்மியும் நகரக் கூடாது. வெட்டி முடிந்ததும் முறியாமல் மேலே எழ வேண்டும். படலத்தின்மீது புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் பசை மேலும் இறுகி, அதன் ஒட்டும் தன்மை குறைந்துவிடுகிறது. மின்னணுத் தொழிலில் இது அன்றாட நடைமுறை.

---

சென்னையில்_நாஞ்சிலான் எழுதியது:

சொந்த ஊர் பூதப்பாண்டி. இப்போது சென்னையில் மின்னணுப் பொருள் உற்பத்தித் துறையில் வேலை செய்கிறேன். கைபேசிப் பகுதியை மட்டும் நான் எழுதுகிறேன்.

பேட்டரிக்கு இரண்டு வழிகள் ஏற்கெனவே நடைமுறையில் இருக்கின்றன. முதலாவது இழுத்துக் கழற்றும் பட்டை. பட்டையின் நுனியைப் பரப்புக்கு இணையாக, தாழ்ந்த கோணத்தில் மெதுவாக இழுத்தால் அது நீண்டு மெலிந்து, ஓரத்திலிருந்து தானாகவே விட்டுக்கொண்டு வரும், பிசுக்கும் மிஞ்சாது. இதில் தூண்டுதலாகச் செயல்படுவது இழுவிசையின் திசை. பழையதாகிவிட்ட பட்டை பாதியில் அறுந்துபோவது இதன் குறை. அறுந்த பிறகு மீண்டும் ஆல்கஹாலும் பிளேடும்தான் துணை.

இரண்டாவது மின்சாரம். ஆப்பிள் நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஐபோன் 16இல், பேட்டரியை ஒட்டியிருக்கும் பசைக்கு 9 வோல்ட் மின்கலம் ஒன்றை ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் இணைத்தால் பசை விட்டுவிடுகிறது. பசைக்குள் அயனிகள் இருக்கின்றன. இரண்டு பக்கமும் மின்கடத்தும் பரப்பு இருந்து, நடுவே நேர்திசை மின்னழுத்தம் கொடுக்கப்பட்டால் அயனிகள் எதிரெதிர் முனைகளை நோக்கி நகர்ந்து, உலோகமும் பசையும் தொடும் எல்லையில் பிடிப்பு தளர்கிறது. இந்த எண்ணம் புதியதன்று; அமெரிக்காவில் 2000க்குப் பின் வந்த முதல் ஆண்டுகளிலேயே உலோகத் தகடுகளை இவ்வாறு பிரிக்கும் எபாக்சிப் பசை உருவாக்கப்பட்டிருந்தது. கைபேசிக்குள் வருவதற்குத்தான் இவ்வளவு காலம் பிடித்தது.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் சட்டத்தின் அழுத்தமும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குமுறை, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயன்படுத்துபவரே கழற்றி மாற்றும்படி அமைக்க வேண்டும் என்ற விதியை 2027 பிப்ரவரி 18 முதல் நடைமுறைப்படுத்துகிறது. நம் நாட்டின் 2022ஆம் ஆண்டு மின்னணுக் கழிவு விதிகள், கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது வைக்கின்றன. ஆனால் கழற்ற எளிதாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் பசையின் வடிவமைப்பையே மாற்றுகிறது என்பது என் கருத்து.

---

தக்கலை_கைபேசி எழுதியது:

விரிவான விளக்கத்துக்கு நன்றி. ஒரு ஐயம். அயனிகள் உள்ள பசை ஈரத்தை இழுக்காதா? ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் கடைச் சுவரே வியர்க்கிறது. கடலோர ஊர்களிலிருந்து வரும் கைபேசிகளில் சார்ஜிங் பின் பச்சை பூத்திருப்பதைக் காண்கிறேன்.

---

சென்னையில்_நாஞ்சிலான் எழுதியது:

சரியான ஐயம். அயனித் திரவங்களில் பல ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையவை. கைபேசிக்குள் பேட்டரி இருக்கும் அறை ஓரளவு மூடப்பட்டிருப்பதால் அங்கே அது பொறுத்துக்கொள்ளப்படுகிறது. வெளிப்பரப்பில், உப்புத்துளி படும் இடத்தில், இதே பசையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

---

குளச்சல்_பைபர்வள்ளம் எழுதியது:

குளச்சலில் பைபர் வள்ளம் கட்டுவதும் பழுதுபார்ப்பதும் எங்கள் தொழில். வேதியியல் டீச்சர் சொன்ன நிபந்தனையை எங்கள் வேலையில் வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ எல்லா வழியும் அடைபடுகிறது என்பதைப் பணிவோடு தெரிவிக்கிறேன்.

நாங்கள் மேட், ரோவிங் எனப்படும் கண்ணாடி இழை விரிப்புகளை அடுக்கடுக்காக விரித்து, பாலியெஸ்டர் ரெசினில் அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்டும் ஆக்சிலரேட்டரும் கலந்து நனைத்து இறுக வைக்கிறோம். அடித்தளத்துக்குள் விலாச் சட்டங்களைப் பொருத்துவதும் அதே மேட், அதே ரெசின் கொண்டுதான். வெப்பத்தால் பிரியும் பசை வேண்டும் என்றால், கரையில் ஏற்றிவைத்த வள்ளத்தின் கருநிறப் பரப்பு சித்திரை வெயிலில் கை வைக்க முடியாதபடி கொதிக்கிறது. நீரால் பிரியும் பசையைப் பற்றிப் பேசவே வேண்டாம். வெளிச்சமும் ஆண்டு முழுவதும் மேலே விழுகிறது. மின்சாரம் என்றால் எங்கள் பொருள் மின்கடத்தாதது.

பழுதுபார்ப்பது எப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். உடைந்த இடத்தைக் கிரைண்டரால் வெட்டியெடுத்து, சுற்றிலும் கனத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, புதிய அடுக்குகளைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அந்தத் தூசியில் உடல் முழுவதும் அரிக்கும். பழுதுபார்க்க முடியாத நிலைக்கு வந்த வள்ளம் கரையிலேயே கிடக்கிறது. உடைத்தால் அள்ளுவதற்கு ஆளில்லை, எரித்தால் கரும்புகை. எங்கள் கரையில் அப்படிக் கிடப்பவற்றைப் பார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆகவே வழி இருந்தால் அறிய மிகவும் விரும்புகிறேன்.

இன்னொன்று. எங்கள் பக்கத்துப் பாறைகளில் முங்கிச் சிப்பி எடுப்பவர்கள் அதை இரும்பு கொண்டு பெயர்த்துத்தான் எடுக்கிறார்கள். அவ்வளவு பிடிப்பு. ஆனால் அந்தச் சிப்பி, தனக்கு வேண்டும்போது, பிடியை விட்டு இடம் மாறிக்கொள்கிறது. கடல்நீருக்கு அடியில் ஒட்டவும் பிரியவும் இயற்கையால் முடிகிறது என்றால் நம்மால் ஏன் முடியவில்லை?

---

நாகர்கோவில்_வேதியியல் எழுதியது:

முதலில் சிப்பி. பாறையோடு ஒட்டியிருக்கும் பசையைச் சிப்பி பிரிப்பதில்லை. தன் உடலிலிருந்து நீளும் நார்க்கற்றையின் அடிப்பகுதியை அது விட்டுவிடுகிறது. நார் பாறையிலேயே தங்கும், சிப்பி போய்ப் புதிய நாரை உண்டாக்கிக்கொள்ளும். அந்த அடிப்பகுதி உயிருள்ள திசுவுக்குள் மெல்லிய தகடுகளாகக் கோத்திருக்கிறது என்றும், அங்குள்ள எண்ணற்ற நுண்ணிழைகளின் அசைவைச் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்கள் கட்டுப்படுத்துவதால்தான் பிடி விடுகிறது என்றும் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்டார்கள். வடிவமைப்புக்கு இதிலிருந்து ஒரு குறிப்பு கிடைக்கிறது: சுமை தாங்கும் இடத்தையும் பிரியும் இடத்தையும் வேறுவேறாக வைக்கலாம்.

அடுத்து, எல்லா வழியும் அடைபடுகிறது என்பதை நான் ஏற்கவில்லை. நீங்கள் அமிலத்தை விட்டுவிட்டீர்கள். கடல்நீர் சற்றே காரத்தன்மை உடையது. அமிலமா காரமா என்று காட்டும் பிஎச் அளவு (7 என்றால் நடுநிலை) அதற்கு ஏறத்தாழ 8.1. அசிட்டால் என்றொரு பிணைப்பு இருக்கிறது. நடுநிலையிலும் காரத்திலும் அது நிலையாக நிற்கும். சூடான மென்னமிலத்தில் முறியும். எபாக்சியை இறுகவைக்கும் கெட்டிப்பானுக்குள் இந்தப் பிணைப்பை வைத்துவிட்டால், இறுகிய வலையின் ஒவ்வொரு முடிச்சிலும் அமிலத்துக்கு மட்டும் அவிழும் இடம் அமைந்துவிடுகிறது. வலை அவிழ்ந்தால் கண்ணாடி இழை அறுபடாமல் வெளிவரும். ரெசினும் உருக்கி வார்க்கக்கூடிய நெகிழியாக மீளும். இது ஆய்வகக் கனவு இல்லை. இந்தக் கெட்டிப்பானை நம் நாட்டின் ஆதித்ய பிர்லா குழுமமே விற்கிறது. காற்றாலை நிறுவனமான சீமென்ஸ் கமேசா 2021 செப்டம்பரில் அறிவித்த மறுசுழற்சி இறக்கைகளில் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள்; ஜெர்மனியின் காஸ்காசி கடற்காற்றாலைப் பண்ணையில் 2022இல் அவை நிறுவப்பட்டன. அந்த இறக்கை ஒன்றின் நீளம் 81 மீட்டர்.

தடை வேறிடத்தில் இருக்கிறது. உங்கள் ரெசின் பாலியெஸ்டர், இது எபாக்சி. விலை வேறுபாடு பெரிது. அதை ஒரு வள்ளத்தின் உரிமையாளர் தனியாகத் தாங்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

குளச்சல்_பைபர்வள்ளம் எழுதியது:

கடல்நீருக்கு அமிலம் எதிர்ப்பக்கம் என்பதை நான் நினைத்துப் பார்க்கவில்லை, டீச்சர். ஆனால் வள்ளத்தில் பேட்டரி வைத்திருக்கிறோம். ஈய பேட்டரி கவிழ்ந்தால் உள்ளே இருப்பது கந்தக அமிலம். அது அடித்தளத்தில் சிந்தினால் என்னவாகும்?

---

நாகர்கோவில்_வேதியியல் எழுதியது:

நல்ல கேள்வி. இதைப் போன்ற கேள்விகளை வடிவமைப்பாளரிடம் தொழிலாளர்தான் கேட்க முடியும். சிந்திய அமிலம் குளிர்ந்தது, பரப்பில் மட்டும் இருப்பது, கடல்நீரால் விரைவில் நீர்த்துப்போவது. பிரிப்பதற்கோ, வெட்டிய துண்டுகள் சூடான அமிலக் கரைசலில் மணிக்கணக்கில் மூழ்கியிருக்க வேண்டும். அமிலம் அடுக்குகளுக்குள் ஊடுருவவும் வேண்டும். ஜெல்கோட் என்ற வெளிப்பூச்சு சேதமடையாமல் இருக்கும்வரை உள்ளடுக்கு பாதுகாப்பாக இருக்கும். இருந்தாலும் பேட்டரி வைக்கும் இடத்துக்கு மட்டும் பாலித்தீன் தட்டு ஒன்றை அடியில் வைப்பது நல்லது. எந்தத் தூண்டுதலைத் தேர்ந்தாலும் அது தவறுதலாக நேரக்கூடிய இடங்களைப் பட்டியலிட்டுத் தடுப்பது வடிவமைப்பின் பகுதியே.

---

ஆரல்_காற்றாலை எழுதியது:

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் காற்றாலை இறக்கைகளைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். சற்றுக் கடுமையாகவே மறுக்க வேண்டியிருக்கிறது; பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறக்கை என்பது இரண்டு ஓடுகள். அவற்றை நடுவே உள்ள தாங்குசட்டத்தோடும் முன்பின் விளிம்புகளிலும் பசை கொண்டு சேர்க்கிறார்கள். வைகாசி முதல் புரட்டாசி வரை கணவாய் வழியாக வரும் காற்றில் அந்தப் பசைக்கோடு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபட்டு ஒருமுறை அழுத்தப்படுகிறது. இருபது ஆண்டுகளில் அந்தச் சுற்றுகள் கோடிக்கணக்கில் சேரும். பசைக்கோட்டில் ஒரு சாண் நீளத்துக்கு விடுபட்டாலே இறக்கையை நிறுத்தி, கயிற்றில் தொங்கி, துளையிட்டு எபாக்சி ஏற்றுகிறோம். கவனிக்காமல் விட்டால் ஓடு பிளந்து இறக்கை பறக்கும். கீழே வயலும் சாலையும் இருக்கின்றன. இப்படிப்பட்ட இடத்தில் "பிரியக்கூடிய" என்ற அடைமொழியோடு வரும் எதையும் நான் எளிதில் ஏற்க மாட்டேன். மழைநீரே இயல்பாகச் சற்று அமிலத்தன்மை உடையதுதானே?

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். இங்கே 1990களில் நிறுவிய சிறிய ஆலைகளை இறக்கிவிட்டுப் பெரியவற்றை நிறுவும் வேலை நடக்கிறது; தமிழக அரசு 2024இல் அதற்கென ஒரு கொள்கையும் வெளியிட்டது. இறக்கும் இறக்கைகளை அறுத்துத் துண்டாக்குவதைத் தவிர வேறு வழி இல்லை. கோபுரத்தின் எஃகும் மின்னாக்கியின் செம்பும் உடனே விலைபோகின்றன; இறக்கைக்கு யாரும் வருவதில்லை. சிமென்ட் சூளையில் இட்டால் ரெசின் எரிபொருளாகிறது, கண்ணாடியின் சிலிக்கா சிமென்ட்டோடு சேர்கிறது. அதைப் பயன் என்று சொல்லலாம். ஆனால் அவ்வளவு பாடுபட்டு நெய்த இழை அங்கேயே முடிந்துபோகிறது.

---

நாகர்கோவில்_வேதியியல் எழுதியது:

உங்கள் கடுமை நியாயமானது. மழைநீரின் பிஎச் ஏறத்தாழ 5.6தான், அது சூடானதாகவும் இல்லை, வண்ணப்பூச்சைத் தாண்டி உள்ளே தேங்கி நிற்பதும் இல்லை. ஆனால் முன்விளிம்பு மணலாலும் மழையாலும் அரிக்கப்பட்டு இழை வெளியே தெரியும் இறக்கைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே நான் உறுதி கூற மாட்டேன். நீண்ட காலச் சோதனைதான் பதில் சொல்ல வேண்டும். ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்கும் சாதாரண எபாக்சி இறக்கைகளையும் வேதிமுறையால் பிரிக்கும் வழி ஒன்றை வெஸ்டாஸ் என்ற காற்றாலை நிறுவனம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. தொடக்கத்திலேயே பிரியும் இடத்தை வைத்துச் செய்த பொருளைப் பிரிக்க ஆகும் ஆற்றலும் செலவும் அதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்க இடமிருக்கிறது.

வெப்பத்தைத் தூண்டுதலாகக் கொண்ட வழிகளையும் ஒதுக்கிவிட வேண்டாம், வெயிலின் சூட்டுக்கும் பிரிக்கும் சூட்டுக்கும் இடையே போதிய இடைவெளி இருந்தால். ஃப்யூரான், மாலிமைடு என்ற இரண்டு கூறுகள் ஏறத்தாழ 60 டிகிரியில் இணைந்து, 110 டிகிரிக்கு மேல் மீண்டும் பிரிகின்றன. டீல்ஸும் ஆல்டரும் 1928இல் விளக்கிய வினை இது. 1950இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2011இல் பாரிஸில் லுட்விக் லீப்லர் குழுவினர் காட்டிய விட்ரிமர் வேறு வகை. அதில் பிணைப்புகள் அறுந்து குறைவதில்லை, இணையை மாற்றிக்கொள்கின்றன. நம் களியல் ஆட்டத்தில் அடிக்கு அடி எதிராளி மாறினாலும் கோல் தட்டாமல் நிற்பவர் எவரும் இல்லாததைப் போல, சூடேறிய விட்ரிமரில் எந்தக் கணத்திலும் பிணைப்புகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும். ஆகவே அது உருகி ஓடாமல், இளகி வேறு வடிவம் கொள்ளும். பழுதுபார்க்க இது மிகவும் ஏற்றது. முழுவதும் பிரித்தெடுக்க அவ்வளவு ஏற்றதன்று.

---

வடசேரி_மரவேலை எழுதியது:

நான் மூத்தவன், இந்த வேதியியல் எனக்குப் பாதிதான் விளங்குகிறது. ஆனால் பிரியும் பசை எங்கள் தொழிலுக்குப் புதியதன்று. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வஜ்ஜிரத்தைத்தான் என் தகப்பனார் பயன்படுத்தினார். இரவில் ஊறவைத்து, காலையில் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து இளக்குவார். நேராக அடுப்பில் வைத்தால் அதன் வலு போய்விடும். உலர்ந்தபின் மரம் முறியுமே தவிர ஒட்டு விடாது. ஆனால் நாற்காலிக் கால் ஆடினால், ஈரத்துணியும் சூடும் கொடுத்துப் பொருத்தைக் கழற்றி, பழைய வஜ்ஜிரத்தின் மேலேயே புதியதை வைத்து மீண்டும் சேர்க்கலாம். வயலின் செய்பவர்கள் இன்றும் அதைக் கைவிடாததற்குக் காரணம் அதுவே; பெட்டியைத் திறந்து பழுதுபார்க்க முடிய வேண்டும்.

வெள்ளைப் பசை வந்தபின் வேலை விரைவானது. கழற்றும் வேலைதான் போயிற்று. இப்போது ஆடும் நாற்காலியைக் கழற்ற முயன்றால் துளையில் செருகிய மர நாக்கு உள்ளேயே முறிகிறது.

வஜ்ஜிரத்தின் குறையையும் மறைக்கக் கூடாது. அடைமழையில் அது இளகும், பூஞ்சையும் பிடிக்கும். வீட்டுக்கு உள்ளே இருக்கும் பொருளுக்குத்தான் அது ஏற்றது. வெளிவாசல் கதவுக்கு எங்கள் முன்னோர் பசையை நம்பவில்லை. துளையில் நாக்கைச் செருகி மர ஆணி அடித்தார்கள். பத்மநாபபுரம் அரண்மனையின் மரவேலையைப் போய்ப் பாருங்கள். காற்றாலைக்காரரும் வள்ளக்காரரும் ஏன் போல்ட்டு போட்டு முடுக்கக் கூடாது?

---

குளச்சல்_பைபர்வள்ளம் எழுதியது:

ஐயா, மரத்துக்கு அது சரி. பைபரில் துளையிட்டால் இழை அறுபடுகிறது. சுமை முழுவதும் அந்தத் துளையின் ஓரத்தில் குவிகிறது. துளை வழியே நீர் அடுக்குக்குள் இறங்குகிறது. போல்ட்டு துருப்பிடித்தால் கிரைண்டரால்தான் அறுக்க வேண்டும். பசை சுமையை முழுப் பரப்புக்கும் பரப்புகிறது என்பதால்தான் நாங்கள் அதை விட முடியவில்லை. இயந்திரத்தைத் தாங்கும் இடம் போன்ற சிலவற்றில் போல்ட்டு போடுகிறோம்.

---

மார்த்தாண்டம்_ஆக்கர்கடை எழுதியது:

பழைய பொருள் எடுத்து விற்பவன் என்ற முறையில் சுருக்கமாக எழுதுகிறேன். எங்களுக்கு வரும் தண்ணீர்ப் பாட்டில்களில் லேபிள் எந்தப் பசையால் ஒட்டியிருக்கிறது என்பது விலையையே மாற்றும். மறுசுழற்சி ஆலையில் பாட்டிலைச் சில்லாக்கிச் சூடான காரநீரில் கழுவுகிறார்கள். அந்தக் கழுவலில் முழுவதும் விட்டுப்போகும் பசை என்றால் சில்லு தெளிவாக இருக்கும். பாதி ஒட்டிக்கொண்டிருந்தால் சில்லு மஞ்சளித்து மட்டமான சரக்காகிவிடும். பிரியும் பசை என்பது பெரிய பொருள்களுக்கு வரும்போது வரட்டும். லேபிளுக்கு அதை இன்றே கட்டாயமாக்க முடியும், ஏனென்றால் கழுவும் ஆலையில் சூடும் காரமும் ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை.

---

கருங்கல்_முந்திரி எழுதியது:

முந்திரி ஆலையோடு தொடர்புடையவள் நான். பருப்பு உடைக்கும் பெண்களின் கையைப் புண்ணாக்கும் அந்த ஓட்டு எண்ணெயிலிருந்து கார்டனால் என்ற பொருளை எடுத்து, எபாக்சியின் கெட்டிப்பான் செய்கிறார்கள் என்று அறிகிறேன். ஈரப் பரப்பிலும் இறுகும் என்பதால் கப்பல் பூச்சுகளுக்கு அது செல்கிறதாம். நம் ஊர்ப் பொருள், இயற்கைப் பொருள். பிரியும் பசைக்கு இதைப் பயன்படுத்த முடியாதா, டீச்சர்?

---

நாகர்கோவில்_வேதியியல் எழுதியது:

அம்மா, நீங்கள் சொல்லும் கெட்டிப்பான் உண்மையானது, ஃபீனால்கமீன் என்பார்கள். ஆனால் ஒன்றைத் தெளிவாக்க வேண்டும். செடியிலிருந்து வந்த பசை தானாகவே பிரியும் என்பதில்லை. கார்டனாலில் இறுகிய எபாக்சியும் மற்ற எபாக்சியைப் போலவே உருகாத வலைதான். மூலப்பொருள் எங்கிருந்து வருகிறது என்பதும் இறுதியில் அது அவிழுமா என்பதும் தனித்தனியே பார்க்க வேண்டியவை. கார்டனாலின் மூலக்கூற்றுக்குள் மாற்றிக்கொள்ளும் பிணைப்புகளை அமைத்து விட்ரிமர் செய்யும் ஆய்வுகள் நடந்துள்ளன. நம் மாவட்டத்து ஆலைகள் எண்ணெயை மட்டும் விற்காமல் அந்தத் திசையில் முயன்றால் நான் மனமார மகிழ்வேன்.

---

ஆரல்_காற்றாலை எழுதியது:

எல்லாவற்றையும் படித்தபின் ஒரு நடைமுறைச் சிக்கலை முன்வைக்கிறேன். இன்று ஒரு நிறுவனம் அமிலத்தில் அவிழும் ரெசினால் இறக்கை செய்து நிறுவுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அதை இறக்குபவருக்கு அது எப்படித் தெரியும்? இப்போது நாங்கள் இறக்கும் இறக்கைகளின் அடிப்பகுதியில் வரிசை எண்ணும் எடையும் இருக்கின்றன. உள்ளே இருப்பது பாலியெஸ்டரா எபாக்சியா என்று எழுதியிருப்பதில்லை. செய்த நிறுவனம் கைமாறியிருக்கும் அல்லது மூடியிருக்கும். அவிழும் ரெசினும் அவிழாத ரெசினும் ஒரே குவியலில் சேர்ந்து, ஒன்றாகவே சூளைக்குப் போகும். ஆகவே பசையின் வகையும், அதைத் திறக்கும் தூண்டுதலும், தேவையான வெப்பமும் நேரமும் அந்தப் பொருளிலேயே அழியாதபடி குறிக்கப்பட வேண்டும். அது இல்லாமல் என்ன வேதியியல் செய்தும் பயனில்லை.

---

தக்கலை_கைபேசி எழுதியது:

இதை முழுமையாக வழிமொழிகிறேன். கைபேசியிலும் இதே நிலைதான். எந்த மாடலில் இழுக்கும் பட்டை, எந்த மாடலில் வெறும் பசை என்று திறந்து பார்த்துத்தான் அறிகிறோம். திறப்பதற்குள் சில வேளை காலம் கடந்துவிடுகிறது. பேட்டரியின்மேல் ஒரு சிறு குறி போதும்.

டீச்சர், பல பசைகளை நம் ஊர்ச் சூழலில் ஒப்பிட்டுப் பார்க்க எளிய சோதனை ஒன்றைச் சொல்ல முடியுமா? நான் பயன்படுத்தும் பி-7000 என்ற கைபேசிப் பசை முதல் வள்ளக்காரரின் ரெசின் வரை ஒரே முறையில் பார்க்க விரும்புகிறேன்.

---

நாகர்கோவில்_வேதியியல் எழுதியது:

முடியும். 25 மில்லிமீட்டர் அகலமுள்ள அலுமினியப் பட்டைகளை எடுங்கள். பரப்பை உப்புத்தாளால் ஒரே அளவு தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். ஒன்றன்மேல் ஒன்று 12.5 மில்லிமீட்டர் படியும்படி ஒட்டுங்கள். பசையின் கனம் எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கும்படி இடையில் ஒரே தடிமனுள்ள மெல்லிய கம்பித் துண்டு வையுங்கள். உலகெங்கும் உள்ள சோதனைக்கூடங்களின் முறைக்கு இது நெருக்கமானது. ஒரு தொகுதியை உடனே இழுத்து அறுத்துப் பாருங்கள். இன்னொரு தொகுதியில் நிலையான எடையைத் தொங்கவிட்டு வெயிலில் வையுங்கள். உடனடிச் சோதனையில் வென்ற பசை, நீண்ட நாள் சுமையில் மெல்ல மெல்ல வழுக்கித் தோற்கலாம். பிரியும் பசைகளில் பலவற்றின் உண்மையான பலவீனம் அந்த மெல்லிய வழுக்கல்தான். மூன்றாவது தொகுதியைக் கடற்காற்றில் வைத்து, பருவமழை கழிந்தபின் இரண்டையும் பாருங்கள்: இன்னும் பிடித்திருக்கிறதா, தூண்டுதல் கொடுத்தால் இன்னும் விடுகிறதா. இரண்டாவதைப் பலர் சோதிப்பதே இல்லை. பழசாகும்போது சில பசைகள் மேலும் இறுகி, தூண்டுதலுக்கு மசியாமல் போய்விடுகின்றன.

அறுந்தபின் முறிவு எங்கே நேர்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டை சுத்தமாகவும் மற்றதில் முழுப் பசையும் இருந்தால் எல்லையில் விட்டிருக்கிறது. இரண்டிலும் பசை இருந்தால் பசைக்குள்ளேயே கிழிந்திருக்கிறது. பழுதுபார்ப்பவருக்கு முதல் வகையே நல்லது. அமிலம் தேவைப்படும் மாதிரிகளை என்னிடம் அனுப்புங்கள். வீட்டிலோ கடையிலோ யாரும் அமிலத்தைச் சூடாக்க வேண்டாம்.

---

குளச்சல்_பைபர்வள்ளம் எழுதியது:

அலுமினியத்தோடு எங்கள் பைபர்த் துண்டுகளிலும் ஒரு தொகுதி செய்து தருகிறேன். ஜெல்கோட் உள்ளது ஒன்று, இல்லாதது ஒன்று. உப்புக்காற்றுத் தொகுதியைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் கொட்டகைக் கூரையில் கட்டிவைக்கலாம்; அலைத்துளி அங்கே வரை வரும். ஒரு வேண்டுகோள்: பட்டைகளில் பசையின் பெயரையும் ஒட்டிய தேதியையும் மையால் எழுத வேண்டாம், ஒரு மழைக்கு மேல் அது தாங்காது. எண்களை உளியால் கொத்தி அனுப்புங்கள். எந்த எண் எந்தப் பசை, எதனால் பிரியும் என்ற பட்டியலை இந்த இழையிலேயே பதிந்துவிடுங்கள்.